ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி? முக்கூடல் பக்கத்து வீடு ஒன்றின் கணக்கு

போன ஏப்ரலில் ஒரு நாள் ராத்திரி தங்கச்சி போன் செய்தாள். "அண்ணே, பிள்ளைக்கு அஞ்சாங்கிளாஸ் முடியுது. வேன்காரர் வந்து கேட்டுட்டுப் போயிருக்காரு. ஆயிரம் ரூவா அட்வான்ஸ் குடுத்தா சீட்டு எழுதி வைப்பாராம். குடுத்துரட்டுமா?"

இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன். அந்த இரண்டு வாரத்தில் அவளும் நானும் நான்கு பள்ளிகளுக்குப் போய் வந்தோம். இதே கேள்வியோடு மே மாதம் முழுக்கத் தவிக்கிற குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. அதனால் பார்த்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் முக்கூடலில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிற சின்னக் கிராமம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்று உண்டு, ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க எல்லாப் பிள்ளைகளும் ஊரை விட்டு வெளியே போயாக வேண்டும். தங்கச்சி பீடி சுற்றுகிறாள். மாப்பிள்ளைக்குக் கேரளாவில் கொத்தனார் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மூத்தவள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், சின்னவன் இரண்டாம் வகுப்பு முடிக்கிறான்.

போகக்கூடிய இடங்கள் நான்கு. நாலு கிலோமீட்டரில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பது கிலோமீட்டரில் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. பாளையங்கோட்டையில் விடுதியோடு ஓர் உதவிபெறும் பள்ளி. அப்புறம் அந்த வேன் போகிற மெட்ரிக் பள்ளி. சி.பி.எஸ்.இ. பள்ளியும் ஒன்று உண்டுதான். கட்டணத்தைக் கேட்டதுமே திரும்பி வந்துவிட்டோம்.

முதலில் மெட்ரிக் பள்ளியைச் சொல்கிறேன், ஊரில் பாதிப் பிள்ளைகள் அங்கேதான் போகிறார்கள். ஆண்டுக் கட்டணம் 28 ஆயிரம், மூன்று தவணை. வேனுக்கு மாதம் 1,200 வீதம் பத்து மாதத்துக்கு 12 ஆயிரம். சீருடை, ஷூ, நோட்டு எல்லாம் சேர்த்து 5 ஆயிரம். மொத்தம் 45 ஆயிரம். பன்னிரண்டு வரை ஏழு வருஷம், ஒரு ரூபாய்கூட ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் 3 லட்சத்து 15 ஆயிரம். நான் தாளில் எழுதிக் காட்டியபோது தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. மடியில் இருந்த சுளவில் பாதி சுற்றிய பீடி ஒன்று இருந்தது, அதை எடுத்து நூல் கட்டி முடித்தாள்.

இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? "அங்க பாடமே வேறண்ணே" என்றுதான் ஊரில் நிறையப் பேர் நம்புகிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று தமிழ்நாட்டில் நான்கு வகை தனித்தனியாக இருந்தன. 2010-இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்ன பிறகு பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பொதுத்தேர்வு. அரசுப் பள்ளியில் பிள்ளைக்கு இலவசமாகச் சொல்லித் தருகிற பாடத்தைத்தான் மெட்ரிக் பள்ளியிலும் படிக்கிறார்கள், ஆங்கிலத்தில்.

அப்படியானால் பெற்றோர்கள் ஏமாறுகிறார்களா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் காசு கொடுத்து வாங்குகிற ஒரு பொருள் நிஜமாகவே அங்கே இருக்கிறது: வகுப்புக்கு ஒரு டீச்சர். அது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்கள் தொடக்கப் பள்ளியைப் பார்த்தால்தான் புரியும்.

ஏப்ரல் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் அங்கே போயிருந்தேன். 34 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். அன்றைக்குத் தலைமை ஆசிரியர் ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருந்தார். இருந்த ஒரு டீச்சர் கரும்பலகையில் மேலிருந்து கீழாக இரண்டு கோடு கிழித்து மூன்றாகப் பிரித்திருந்தார். இடது பக்கம் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல், நடுவில் நான்காம் வகுப்புக்குப் பெருக்கல், வலது ஓரம் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம். ஒன்றும் இரண்டும் படிக்கிற பிள்ளைகள் வராந்தாவில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள், வாசல் பக்கம் திரும்பித் திரும்பி அவர்களையும் பார்த்துக்கொண்டார். கூடவே செல்போனில் வருகைப் பதிவு ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்காமல் வேப்பமரத்தடிக்கு வந்தார். என் மருமகள் பின்னக் கணக்கை முடித்துவிட்டு நோட்டை மூடி வைத்துக் காத்திருந்தாள். டீச்சர் அவளிடம் வருவதற்கு இருபது நிமிஷம் ஆனது. அந்த டீச்சரைக் குறை சொல்ல என்னால் முடியாது. அவரைவிட யாரும் அந்த அறையில் கூடுதலாக வேலை செய்திருக்க முடியாது.

இத்தனைக்கும் இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. சட்டம் தலையைத்தான் எண்ணுகிறது, வகுப்பை எண்ணவில்லை. நகரத்தில் ஒரே வகுப்பில் 30 பிள்ளைகள் இருந்தால் இந்தக் கணக்கு சரி. எங்கள் மாதிரி ஊரில் வகுப்புக்கு ஆறு ஏழு பேர். ஐந்து வகுப்புப் பாடத்தை இரண்டு பேர் நடத்த வேண்டும், ஒருவர் வெளியே போனால் ஒரே ஆள்.

இதற்கு மேல் இன்னொன்றும் நடக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்டு 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை எடுத்து எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயிக்கிறார்கள். குறைந்த இடத்தில் இருப்பவர் 'உபரி' ஆகிறார், பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போகிறார். வேன் ஊருக்குள் வருகிறது, பத்துப் பிள்ளைகள் போகிறார்கள். எண்ணிக்கை குறைந்ததால் ஒரு டீச்சர் போகிறார். டீச்சர் போனதால் இன்னும் பத்துப் பேர் வேனில் ஏறுகிறார்கள். நான் படித்தபோது இதே கட்டடத்தில் ஐந்து ஆசிரியர்கள் இருந்தார்கள். வேனுக்குக் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் கடைசியில் அந்த மூன்றாகப் பிரித்த கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு இதில்தான் ஆத்திரம். ஒவ்வொரு வீடும் தன் பிள்ளைக்கு நல்லது என்று எடுக்கிற முடிவு அடுத்த வீட்டுப் பிள்ளையின் டீச்சரை ஊரை விட்டு அனுப்புகிறது. அதைத் தடுக்க வேண்டிய அரசாங்கம் தலையை எண்ணிக்கொண்டிருக்கிறது.

சரி, ஆறாம் வகுப்புக்கு வருவோம். இங்கே கணக்கு மாறுகிறது. ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவராவது இருக்க வேண்டும், அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழி மூன்றுக்கும் ஆள் வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர். மெட்ரிக் பள்ளி காசுக்கு விற்கிற அந்தப் பொருள் ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியிலும் இருக்க வேண்டும். பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அரசுப் பள்ளியை யோசிக்க இன்னொரு காரணமும் உண்டு, இதைத் தெரியாமலேயே பலர் ஆறாம் வகுப்பில் தனியாருக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம், மீன்வளம் போன்ற படிப்புகளுக்கும் விரிவானது, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. எட்டு வரை தனியாரில் படிக்க வைத்து ஒன்பதில் அரசுப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் இது கிடையாது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் கிடைத்த இலவச இடத்தில் எட்டு வரை படித்து, ஒன்பதில் இருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. உதவிபெறும் பள்ளிக்கு இது பொருந்தவே பொருந்தாது, இதைப் பாளையங்கோட்டையில் வைத்துச் சொன்னபோது தங்கச்சி நம்பவில்லை. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் வரும். அது 2022-இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் என்று தொடங்கியது, பிறகு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களையும் சேர்த்தார்கள்.

பயிற்று மொழியையும் யோசித்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். அரசு மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது, சேர்க்கையின்போது 'இங்கிலீஷ் மீடியம் போட்டுக்கலாமா' என்று கேட்பார்கள், பெருமையாக இருக்கும். ஆனால் தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது, 2020 திருத்தத்துக்குப் பிறகு முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஐந்து வருஷம் தமிழில் படித்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் ஒரு டிக் போட்டு மாற்றினால் அது போய்விடும். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறிவியலையும் கணக்கையும் புரிகிற மொழியில் படிக்கட்டும், ஆங்கிலத்தை மொழியாக நன்றாகப் படிக்கட்டும். மெட்ரிக்கில் படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன் அறிவியல் விடையை மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் ஒப்பித்தான். அதையே தமிழில் சொல்லப்பா என்று கேட்டேன். அவன் அம்மா முகத்தைப் பார்த்தான்.

பாளையங்கோட்டை பற்றி எனக்குப் பாசம் அதிகம், அதை ஒளிக்க விரும்பவில்லை. நான் படித்தது அங்கே ஓர் உதவிபெறும் பள்ளியில்தான். 1820-இல் ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் வந்து இறங்கியதில் இருந்து மிஷன் பள்ளிகள் முளைத்த ஊர், தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் எடுத்த ஊர். மாட்டு வண்டிகூட ஒழுங்காகப் போகாத கிராமத்துப் பெண் பிள்ளைகளை எழுதப் படிக்க வைத்த பள்ளிகள் அவை. நூலகம், மைதானம், முப்பது வருஷம் ஒரே பாடம் நடத்திய ஆசிரியர் என்று இன்னும் பல இடங்களில் பார்க்கலாம்.

ஆனால் உதவிபெறும் பள்ளிக்கும் உள்ளே இரண்டு பள்ளி இருக்கிறது. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிற தமிழ்வழிப் பிரிவு ஒன்று, கட்டணம் வாங்குகிற சுயநிதி ஆங்கிலப் பிரிவு இன்னொன்று, இரண்டும் ஒரே வளாகத்தில். நாங்கள் போனபோது அலுவலகத்தில் முதலில் கேட்டது "எந்த செக்‌ஷன்?" என்றுதான். கட்டடப் பராமரிப்பு நிர்வாகத்தின் பொறுப்பு. 2021 டிசம்பரில் நெல்லை நகரில் ஓர் உதவிபெறும் பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. நான் எந்தப் பள்ளிக்குப் போனாலும் இப்போது கழிப்பறைப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன், அரசுப் பள்ளியானாலும் சரி. எங்களுக்குத் தடையாக இருந்தது தூரம்தான். தினமும் பஸ்ஸில் போய் வர முடியாது, விடுதியில்தான் விட வேண்டும். பதினொரு வயசுப் பிள்ளை. அப்பா ஏற்கெனவே கேரளாவில். "அவளும் போயிட்டா வீட்ல யாருண்ணே" என்றாள் தங்கச்சி. அதற்கு மேல் நான் பேசவில்லை.

தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் தருகிற 25 சதவீத இட ஒதுக்கீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறாம் வகுப்புக்கு அது கிடையாது. எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பு, எது அந்தப் பள்ளியின் நுழைவு வகுப்போ அதில்தான். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி விலக்கு, அதனால் பாளையங்கோட்டையின் பெரிய பள்ளிகள் பலவும் இதில் வராது. 2025-இல் மத்திய அரசு நிதியை நிறுத்தி வைத்த தகராறில் சேர்க்கையே அக்டோபர் வரை தள்ளிப்போனது. ஜூனில் பள்ளி திறந்த பிறகு அக்டோபர் வரை ஒரு கூலி வீடு என்ன செய்யும்?

எங்கள் பக்கத்தில் பள்ளி தேடும்போது எல்லோரும் மனசுக்குள் கேட்டு, வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அங்கே யார் பிள்ளைகள் படிக்கிறார்கள்? வேனில் ஏற்றுவதற்கு ஆங்கிலம் மட்டுமே காரணம் இல்லை. இதே வட்டாரத்தில், சேரன்மகாதேவி குருகுலத்தில், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்து நூறு வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாடே கொந்தளித்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரை அவர் பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் இடைவேளை நேரத்தில் வாசலில் நின்று பிள்ளைகளின் மணிக்கட்டைப் பாருங்கள். நிறம் நிறமாகக் கயிறு தெரிந்தால் தலைமை ஆசிரியரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். பேச்சை மாற்றுகிறாரா, அல்லது என்ன செய்கிறோம் என்று சொல்கிறாரா என்று கவனியுங்கள். அரசு, தனியார் என்ற பெயர்ப்பலகையை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியில் எங்களுக்கு மிஞ்சியது இரண்டு அரசுப் பள்ளிகள். நாலு கிலோமீட்டர் பள்ளிக்குச் சைக்கிளிலேயே போகலாம், பழகிய முகங்கள். தலைமை ஆசிரியர் நல்ல மனுஷர், உட்கார வைத்துப் பேசினார், எதையும் மறைக்கவில்லை. கணக்குப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் காலி, முந்தின வருஷத்தில் இருந்தே. அறிவியல் டீச்சர் இரண்டையும் பார்த்துக்கொள்கிறார். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். கடைசியாகச் சிவப்பு மை பட்டிருந்தது நவம்பர் மாதம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் அவன் தேதி போட்டிருந்தான், விடை சரியா தப்பா என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஒன்பது கிலோமீட்டர் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் கூட்டம் கொஞ்சம் அதிகம். கழிப்பறையில் தண்ணீர் வந்தது. பணியிடங்கள் நிரம்பியிருந்தன. கணக்கு நோட்டில் வாரத்துக்கு இரண்டு தேதி சிவப்பில் இருந்தது, ஒரு பக்கத்தில் 'படிகளை எழுதவும்' என்று டீச்சர் எழுதி, அந்தப் பிள்ளை அதே கணக்கைக் கீழே மறுபடி போட்டிருந்தாள். தங்கச்சி பத்தாம் வகுப்போடு நின்றவள். அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குறைகளும் உண்டு. ஆங்கிலத்தில் பேசிப் பழக அங்கே வாய்ப்பு குறைவு, அதற்கு நாங்கள் வேறு வழி பார்க்க வேண்டும். காலை 7.50 பஸ்ஸை விட்டால் அடுத்தது 9.20-க்கு, இறைவணக்கம் முடிந்திருக்கும். பாஸ் இலவசம், ஆனால் பஸ் நேரத்துக்கு வர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, அதில் பாதிப் பேர் பெண்கள். பஸ் நேரத்தை அந்தக் கூட்டத்தில் தீர்மானமாகப் போடச் சொல்லித் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன். கணக்குப் பணியிடம் காலியாகக் கிடக்கிற அந்தப் பள்ளியின் பெற்றோர்களிடமும் இதையே சொன்னேன்.

வேன்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை. மருமகள் ஜூனில் தமிழ்வழியில் ஆறாம் வகுப்பு சேர்ந்தாள்.

அடுத்த மாதம் தங்கச்சி மறுபடி போன் செய்தாள், இந்தத் தடவை சின்னவனைப் பற்றி. "அவனையாச்சும் வேன்ல விட்டுரலாமாண்ணே? அந்த ஒத்த டீச்சர்கிட்ட என்ன படிப்பான்?" அவளுக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. மூத்தவளுக்கு நல்ல பள்ளி தேடி ஒன்பது கிலோமீட்டர் போன நான், இவனை மட்டும் அந்தக் கரும்பலகைக்கு முன்னால் உட்கார் என்று எப்படிச் சொல்வது? அவளிடம் ஒன்றுதான் கேட்டேன். ஆகஸ்டு 1 வரை பொறு, அதற்குள் நீயும் நானும் வேனில் போகிற பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒரு தடவை போய் வருவோம் என்றேன்.

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டில் போனோம். பதினாறு வீடு. சிலர் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார்கள். ஒரு அம்மா கடைசி வரை கேட்டுவிட்டு, "மூணாவது டீச்சர் வருவாங்கன்னு எழுதிக் குடுப்பீயளா?" என்றார். எழுதிக் கொடுக்க எங்களால் முடியாது என்றோம். மூன்று வீட்டில் சரி என்றார்கள், நாலு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இப்போது பள்ளியில் 38 பேர். மூன்றாவது ஆசிரியருக்கு இன்னும் 23 பேர் வேண்டும். சின்னவன் மூன்றாம் வகுப்பில், கரும்பலகையின் இடது பக்கத்தில் இருக்கிறான். சாயங்காலம் அக்கா பஸ்ஸில் வந்து இறங்கியதும் அவன் கணக்கு நோட்டைத் திருத்துகிறாள், சிவப்புப் பேனாவால்.